வேறு கேள்வி கேட்ட சுகந்தி

செவ்வாய்க்கிழமை காலை திருநின்றவூர் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது சுகந்தியின் கணவர் தயாளன் அழைத்தார். "சிஸ்டர், சுகந்தி போயிடுச்சி" என்றார். முந்தைய நாள் மாலை தலைவலி என்று படுத்தவருக்கு மூளையில் ரத்தக்கசிவு. விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் ஏற வேண்டிய ரயில் வந்து, நின்று, போனது. அலுவலக வாட்ஸாப் குழுவில் அதற்குள் ஆளாளுக்கு எழுதத் தொடங்கியிருந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே சங்கதி: சுகந்தி மேடத்திடம் பொய் சொல்ல யாருக்கும் மனசு வராது. அழுதுகொண்டே படித்தேன். படிக்கும்போதே பொறாமையாகவும் இருந்தது. நான் போனால் என்ன எழுதுவார்கள்? நன்றாக வேலை செய்வார் என்று எழுதுவார்கள்.

அஞ்சலி மலருக்கு நீங்கள்தான் எழுத வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். ஆவடி குவார்ட்டர்ஸில் எதிர் வீட்டில் வளர்ந்தவளை 'அவர்' என்று எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் சபை மரியாதை என்று ஒன்று இருக்கிறதே, அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் அப்பாக்கள் இருவரும் ஒரே பேக்டரி, ஒரே ஷிஃப்ட். சுகந்தி வீட்டார் விருதுநகர்ப் பக்கம், நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கம். பள்ளியும் கல்லூரியும் எங்களுக்கு ஒன்றுதான். மதிப்பெண் எப்போதும் எனக்குத்தான் அதிகம். அஞ்சலிக் கட்டுரையில் இதை எழுதுவது அழகில்லைதான். ஆனால் வேறு யாரும் எழுதப்போவதில்லை, நானே எழுதிக்கொள்கிறேன். மதிப்பெண் எனக்கு வந்தது, மனிதர்கள் அவரிடம் போனார்கள். என் அம்மாவே புடவை எடுக்கப் போனால் என்னை விட்டுவிட்டு அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்.

படிப்பு முடிந்ததும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருவருக்கும் நேர்முகத் தேர்வு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போய் வந்தவர் நேராக வீட்டுக்குப் போக மாட்டார். எதிரிலிருக்கும் டீக்கடையில் காத்திருப்பவர்களிடம், என்ன கேட்டார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அதை யாரும் ஏமாற்று வேலை என்று நினைத்ததில்லை. சொல்லாமல் போகிறவரைத்தான் திட்டுவார்கள். அன்று முதலில் வெளியே வந்தவர் கேள்வியைச் சொன்னார்: நீளமான எண் வரிசையில் திரும்ப வரும் எண்ணை ஒரே ஓட்டத்தில் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாருக்கும் இதே கேள்விதான் என்றார். டீ ஆறுவதற்குள் விடையைப் பேசி முடித்துவிட்டோம். கடைசிச் சிக்கலை அவிழ்த்தவர் சுகந்திதான்.

எனக்கு முன்னால் அவர் உள்ளே போனார். அதே கேள்வி வந்தது. அவர் சொன்ன பதிலை அந்தத் தேர்வாளர் பிற்பாடு ஊரெல்லாம் சொல்லி மாய்ந்துபோவார்:

"சார், இது எனக்கு முன்னாடியே தெரியும். வெளிய பேசிட்டுதான் வந்தேன். வேற கேள்வி குடுங்க."

யார் சொன்னது என்று தேர்வாளர் கேட்டதற்கு, அதை மட்டும் சொல்ல முடியாது என்றாராம். லிஃப்ட் எந்த மாடியில் முதலில் நிற்க வேண்டும் என்று கணக்கிட நிரல் எழுதச் சொன்னார்கள். பாதிதான் எழுதினார். அடுத்து நான். கேள்வி வெளியே போய்விட்டது என்று தெரிந்ததால், எண் வரிசையை மனத்தில் உருப்போட்டுக்கொண்டு போன எனக்கும் அந்த லிஃப்ட்தான் வந்தது. ஒரு மாடிகூட ஏறவில்லை. வேலை அவருக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை.

அப்பா ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய வருடம் அது. அந்த வேலை எனக்கு எவ்வளவு அவசியம் என்று எதிர் வீட்டுக்காரருக்குத் தெரியாதா என்ன? நேரில் போய்ச் சண்டை போட்டேன். நீ நல்லவளாக இருக்க என் வேலைதான் கிடைத்ததா என்று கேட்டேன்.

அவர் வாதாடவில்லை. "தெரிஞ்ச விடைக்கு நெத்தியத் தேச்சுகிட்டு யோசிக்கிற மாதிரி நடிக்கணுமேடி. வேணும்னே தப்பா எழுதி, அடிச்சு, திருத்தி எழுதணும். அத நெனச்சாலே கூச்சமா இருந்துச்சு. உன்ன நெனச்சுப் பாக்கல. அது தப்புதான்" என்றார்.

இவ்வளவு நேராகத் தப்பை ஒப்புக்கொள்கிறவரிடம் எப்படிக் கோபமாக இருப்பது? ஆனால் இருந்தேன், நன்றாகவே இருந்தேன். அப்பா திருநின்றவூரில் வாடகை வீடு பார்த்தார். நான் வேறோர் இடத்தில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தேன். சுகந்தி தன் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தபோதுதான் மறுபடி முகம் கொடுத்துப் பேசினேன்.

சில வருடங்கள் கழித்து அதே நிறுவனத்தில் நானும் சேர்ந்தேன். நேர்முகத் தேர்வு நடத்தும் பொறுப்புக்கு இருவரும் வந்தோம். அவர் கேள்வியைக் கொடுத்ததும், "இத முன்னாடியே பாத்திருந்தா சொல்லுங்க, வேற தரேன். மார்க் கொறையாது" என்பார். உண்மையிலேயே குறைக்க மாட்டார். தேர்வுக்கு வரும் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். அதே வார்த்தைகளை, அதே குரலில் நானும் கேட்டுப் பார்த்தேன். என்னிடம் ஒருவர்கூடச் சொன்னதில்லை. புதுசாக இருக்கிறது மேடம் என்று சொல்லிவிட்டு நெற்றியைத் தேய்ப்பார்கள். எனக்கு வயிறு எரியும். என் மூஞ்சியில் என்ன எழுதி ஒட்டியிருக்கிறது என்று அவரிடமே கேட்டேன். "நீ கண்டுபிடிக்கத்தான் கேக்கறன்னு அவங்களுக்குத் தெரியுது" என்று சிரித்தார். அது சரியாக இருந்ததால் இன்னும் எரிந்தது.

இறுதி ஊர்வலத்தன்று கரையான்சாவடியில் அவர் வீட்டின் முன் நிற்க இடமில்லை. அவர் தேர்வில் வேண்டாம் என்று அனுப்பியவர்கள்கூட மாலையோடு வந்திருந்தார்கள். நான் தேர்ந்தெடுத்தவர்களே எனக்கு வணக்கம் சொல்வதில்லை.

காரியம் முடிந்த பிறகு, அவர் நடத்த வேண்டியிருந்த தேர்வுக்கு அவர் அறையில் நான் உட்கார்ந்தேன். கதவில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்ற இன்னும் யாருக்கும் மனம் வரவில்லை. பூந்தமல்லியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கேள்வித்தாளை நீட்டினேன், வேறொன்றும் பேசவில்லை. அவள் படித்துவிட்டுப் பேனாவை மூடினாள்.

"மேடம், இது எனக்குத் தெரியும். ஃப்ரெண்டு சொன்னா. வேற குடுங்க."

இத்தனை வருடத்தில் முதல் முறை, அதுவும் நான் கேட்காமலே. சொல்ல வேண்டும் என்று எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

"உங்களப் பத்தி எல்லாரும் சொல்லுவாங்க. நீங்க சுகந்தி மேடம்தானே?"

ஆமாம் என்று தலையாட்டிவிடலாமா என்றிருந்தது. அவ்வளவு ஆசையாக இருந்தது. "நான் அவங்க இல்லம்மா. அவங்க போயிட்டாங்க" என்றேன். அந்தப் பெண் பதறி எழுந்தாள். அவளை உட்காரச் சொல்லிவிட்டு, வேறு கேள்வி கொடுத்தேன்.

சுகந்தி, நீ இல்லாத அறையிலும் உன்னிடம்தான் உண்மையைச் சொல்கிறார்கள். எனக்கு இன்னமும் பொறாமைதான்டி. நீ நிம்மதியாகப் போ.