என் முறுக்கு டின்னும் சுப்பையாவும்

சுப்பையா போய்விட்டான் என்று கறம்பக்குடியிலிருந்து ஆள் வந்து சொன்னபோது, நான் அவனைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். சஷ்டிக்கு மாவு சலித்துவிட்டுப் பார்க்கிறேன், போட்டு வைக்கும் மாவு டின்னைக் காணோம். என் கொழுந்தனைத் தவிர வேறு யார் எடுத்திருப்பார்கள்? அங்கே யாருக்கோ ரேடியோ ரிப்பேர் பார்க்கப் போனவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். அவ்வளவுதான். பாதி வசவு வாயிலேயே நின்றுவிட்டது. அதை என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை.

எங்கள் அரிமளத்தில் அவனை அறியாதவர் கிடையாது. ரைஸ் மில்லில் ஃபிட்டர் வேலை. மற்ற நேரமெல்லாம் ஒயரும் ஈயமும்தான். ஆனால் கோயில் மைக்குக்கு ஒரு டப்பா செய்தானே, அதை ஏன் செய்தான் என்பது எல்லோருக்கும் தெரியாது.

என் வீட்டுக்காரர் வருஷா வருஷம் பங்குனி உத்திரத்துக்குக் கோயிலில் பதிகம் பாடுவார். தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனபின் குரல் நூலாய் இளைத்துவிட்டது. அந்த வருஷமும் பாடப் போனார். வாடகை மைக் செட் அந்தக் குரலை எடுக்கவே இல்லை. "மைக்கு செத்துப்போச்சா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, மனுஷர் பாதியில் இறங்கி வந்துவிட்டார். அதற்குப் பிறகு வீட்டில் சாமி விளக்கின் முன்னால்கூட வாயைத் திறக்கவில்லை.

நான் முருகனிடம் போனேன். சுப்பையா என் முறுக்கு டின்னிடம் போனான்.

"எங்காத்தா சீராக் குடுத்த டின்னு, கீழ வைடா!"

"இரும்பு டப்பாக்குள்ள வச்சாத்தான் மதினி, கண்ட எரைச்சலும் உள்ள வராது."

"உள்ள என்னத்த வைக்கப் போற?"

"அண்ணன் கொரல."

ப்ரீ ஆம்ப்ளிஃபயர் என்று அதற்கு ஒரு பேர் சொன்னான். "சின்னச் சத்தத்தப் பெரிய மிசின்ட்ட நேராக் குடுத்தா அதுக்கு ஏறாது. மொதல்ல இதுல விட்டுக் கொஞ்சம் தேத்தி அனுப்பணும்."

"காய்ச்சக்காரனுக்குக் கஞ்சி குடுக்குற மாதிரியா?"

"அதேதான் மதினி!"

அன்றிலிருந்து அது கஞ்சி டப்பா. மூன்று வருஷம்! நான் விரதமிருந்து பூஜையில் உட்கார்ந்தால், பக்கத்து அறையிலிருந்து ஈயப் புகை வரும். பழைய ரேடியோவில் கழற்றிய வால்வு இரண்டு. ஒருநாள் கரண்டு அடித்துச் சுவரோரம் விழுந்தான். திருநீறு பூசிவிட்டால், "மதினி, டப்பாவுக்கும் கொஞ்சம் பூசுங்க" என்கிறான். எர்த்து வேண்டும், உறுமல் மண்ணுக்குள் இறங்கிவிடும் என்று சொல்லித் துளசியின் காலடியிலேயே இரும்புக் குழாயை அடித்தானே, அதற்கு நான் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

கடைசியில் வீட்டில் வேலை செய்தது. இவர் மைக்கில் மெல்ல இருமினார். முற்றத்து ஸ்பீக்கர் கணீரென்று இருமியது. அதைக் கேட்டுத்தான் அந்தப் பங்குனி உத்திரத்துக்கு மறுபடி கோயிலுக்கு வரச் சம்மதித்தார்.

கோயிலில் டப்பாவை மாட்டினால், குளவிக்கூடு கலைந்த மாதிரி ஒரே உறுமல். ஜனம் காதைப் பொத்திக்கொண்டது. சுப்பையா இங்கிட்டும் அங்கிட்டும் ஓடி ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினான். இவர் மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இன்று இறங்கினால் இனி ஏறமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மண்டபத்தை ஒட்டிப் பூச்செடிப் பாத்தியில் அதே மாதிரிக் குழாயை அடித்திருந்தான். மண் வெடித்துக் கிடந்தது. வீட்டுக் குழாய்க்கு நான் தினம் ஒரு குடம் ஊற்றுகிறேனே, துளசிக்கென்று! அபிஷேகக் குடத்தை எடுத்தேன், குழாயடியில் கவிழ்த்தேன். கூடவே வாயும் திறந்துகொண்டது.

"அடப் பாவி, மண்ணு காஞ்சு கெடக்கேடா! மூணு வருஷமா என் டின்னத் தின்னியே, ஒரு கொடம் தண்ணி ஊத்தணும்னு தெரியலையா ஒனக்கு?"

ஊர் முழுக்கக் கேட்டது, ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக. உறுமல் போன இடம் தெரியவில்லை. இவர் கீழே வைத்த மைக் மண்டப விளிம்பில் என் பக்கத்திலேயே கிடந்ததை நான் எங்கே கண்டேன்?

"மதினி, நிறுத்தாதீங்க, இன்னும் வையுங்க! கிளீனா வருது!" என்று கத்தினான் சுப்பையா. கூட்டம் சிரித்தது. துண்டைத் தோளில் போட்டவரும் சிரித்துவிட்டார். சிரித்தபடியே மைக்கை எடுத்தார். பாட்டுக்கு நடுவே அவர் மூச்சு வாங்குவதுகூடக் கடைசி வரிசைக்குக் கேட்டதாம். பதிகம் முடியும்வரை சுப்பையா குடம் குடமாய் ஊற்றிக்கொண்டே நின்றான். பாத்தியே குளமாகிவிட்டது, பூசாரியிடம் அதற்கும் நான்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கறம்பக்குடியிலிருந்து கொண்டுவந்து அவனை வீட்டில் கிடத்தியபோது, இவர் தலைமாட்டில் உட்கார்ந்து அதே பதிகத்தைப் பாடினார். டப்பாவை மாட்டத் தெரிந்தவன் படுத்துக் கிடந்தான். பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும்தான் கேட்டது.

அன்று காணாமல் போன மாவு டின்னும் அவன் சாமான்களோடு திரும்பி வந்தது, பக்கவாட்டில் நான்கு ஓட்டைகளோடு. இனி மாவு நிற்காது, இருந்தாலும் வைத்திருக்கிறேன். துளசிக்கு ஒரு குடம், குழாய்க்கு ஒரு குடம் என்று காலையில் ஊற்றுகிறேன். அந்தக் குழாயில் இப்போது ஒயர் எதுவும் இல்லை. மிச்சமிருக்கும் வசவை மட்டும் தினம் கொஞ்சமாய் அங்கே சொல்லிவிட்டு வருகிறேன்.