சைரனுக்கு மூச்சு வாங்கிய கதை

காய்கறி மார்க்கெட்டில் என் தம்பிக்குப் பெயர் சைரன். ஏலத்தில் அவன் விலை கூவினால் தெருக்கோடி வரை கேட்கும். முப்பது வருஷமாகக் கூவுகிறான். வீட்டிலும் அதே குரல்தான். தாங்க முடியாமல் பெண்டாட்டி ஓடிப்போனாள். என் புருஷன் செத்த பிறகு நாங்கள் ரெண்டு பேரும் ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிடக்கிறோம்.

அந்த ஏலத்தில் ஒரு வழக்கம். கூவுகிறவன் நிறுத்தாமல் கூவ வேண்டும். வாய் நின்றால் கடைசியாகக் கேட்ட விலைக்குச் சரக்கு முடிந்தது.

கொரோனாவில் பத்து நாள் படுத்து எழுந்தான். எல்லோரும் பிழைத்துவிட்டான் என்றார்கள். எழுந்தது பாதி ஆள்தான். மாடிப்படி ஏழு ஏறினால் எட்டாவதில் உட்கார்ந்துவிடுவான். குளித்தால், குளித்த களைப்புக்குப் படுப்பான். சொல்ல வந்ததைப் பாதியில் மறந்துவிட்டு, நான் திருடிக்கொண்ட மாதிரி என்னை முறைப்பான். எட்டு மாதமாக இதே கூத்து.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "நுரையீரல் நல்லாத்தான் இருக்கு. சில பேருக்கு இப்படி மாசக்கணக்கா இழுக்கும். உடம்பு சொல்ற அளவுக்கு வேலை செய்யுங்க."

"அது ஒண்ணுமே செய்யாதேங்குதே டாக்டர்!" என்றான் தம்பி.

போன வாரம்தான் மறுபடி கூவ வந்தான். கத்திரிக்காய் ஏலம். ஏறுகிற விலையில் மூச்சு முட்டி வாய் நின்றுவிட்டது. "முடிஞ்சது!" என்று ஒரு வியாபாரி மூட்டைகளை இழுத்துக்கொண்டான். பாதி விலைக்குப் போய்விட்டது. விளைவித்தவர் தலையில் கை வைத்தார்.

மண்டி முதலாளி வந்தார். "சைரன், நீ வீட்ல இரு. வேற ஆளப் பாத்துக்கறேன்."

தம்பி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். சண்டை போடாமல் அவன் கிளம்பி நான் பார்த்ததே இல்லை. அதே மண்டியில் கூலிக்கு அழுகல் காய் பிரித்துக்கொண்டிருந்த நான் எழுந்தேன்.

"ஏன் முதலாளி, மேட்டுல உங்க லாரி திணறினா பழைய இரும்புக்கா போடுறீங்க? இவனும் நின்னு நின்னு கூவட்டும்."

"அதுக்காக வழக்கத்த மாத்தச் சொல்றியாக்கா?"

"மாத்துங்க. சாமி வந்தா எழுதி வெச்சுது?"

விளைவித்தவருக்கு அப்போதுதான் ரோஷம் வந்தது. "அப்ப இந்தாளு தும்மினாலும் என் சரக்கு போயிடுமா? இனிமே இங்க மூட்டை இறக்க மாட்டேன்!"

மற்ற விவசாயிகளும் சேர்ந்துகொண்டார்கள். முதலாளி இறங்கி வந்தார். இனிமேல் வாய் நின்றால் அல்ல, கூவுகிறவன் கை தட்டினால்தான் ஏலம் முடிந்தது.

மறுநாள் தம்பி காலிப் பெட்டியில் உட்கார்ந்து கூவினான். ஒரு விலை, ஒரு மூச்சு.

"சீக்கிரம்யா, காய் வாடுது!"

"வாடட்டும்டா! நானே வாடித்தான் உக்காந்திருக்கேன்."

பத்துச் சரக்கு முடித்தான். மீதியை வேறொருத்தன் கூவினான். தம்பி முகத்தைச் சுளித்தான். "மூச்சு நல்லா இருக்கு. குரல்தான் கழுதையோடது."

"பேசாம நடடா," என்றேன்.

வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தான். வீட்டுக்கு வந்ததும் சட்டையோடு விழுந்தான். நாளைக்கு எழ முடிந்தால் இன்னொரு பத்து.