ஊசியக்காவின் பதினாறு பக்கம்

நூலை நாக்கில் நனைத்து ஊசியில் கோத்த பிறகுதான் ஊசியக்கா வாயைத் திறப்பார். அதுவரை நூலகமே தீப்பிடித்தாலும் ஒரு "ம்" மட்டும்தான். கோத்து முடித்ததும், மேசையில் பிரிந்து கிடக்கும் புத்தகத்தின் முதுகைத் தடவிப் பார்த்து, "யாருய்யா இதைக் குப்புறப் போட்டுத் தூங்கினது?" என்பார். திருப்பித் தந்தவர் இன்னும் வாசலைத் தாண்டியிருக்க மாட்டார். நின்ற இடத்திலேயே அரை அங்குலம் குறைந்துபோவார்.

நூலகத்தில் கிழிந்ததையெல்லாம் தைத்து ஒட்டுவது அக்காவின் வேலை. விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டே பேசுவார். எந்தப் புத்தகம் எந்தப் பக்கத்தில் கண்ணீர் பட்டு ஊதியிருக்கிறது, எது எந்தப் பக்கத்தோடு கைவிடப்பட்டது என்பதெல்லாம் அத்துப்படி. "நாப்பதாம் பக்கத்துக்கு மேல ஒரு அழுக்குகூட இல்லை. ஒருத்தரும் தாண்டலை" என்று ஒரு நாவலை நகர்த்தி வைத்தாரானால், அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. இலக்கிய விமர்சனத்தில் இதைவிட நேர்மையான முறையை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இத்தனை நேர்மையானவர் கையாலும் ஒரு குற்றம் நடந்தது.

ஊரே தலையில் வைத்துக் கொண்டாடும் படகோட்டி நாவலுக்கு நூலகத்தில் ஒரே ஒரு பிரதிதான். எழுதியவரின் பிள்ளைகள் இருவரும் உரிமை எனக்கா, உனக்கா என்று வழக்காடியதில் முப்பது வருடமாக மறுபதிப்பும் இல்லை, படமும் இல்லை. கதையில் படகோட்டி மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி வைப்பான், பிரசவம் பார்க்கப் போகும் டாக்டரம்மாவை வெள்ளத்தில் அக்கரை சேர்ப்பான், திரும்பும்போது மூழ்கிப்போவான். இருபது வருடத்துக்கு முன் அக்கா அதைப் பிரித்துத் தைத்தபோது, பதினாறு பக்கக் கட்டு ஒன்று இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. கடித அத்தியாயம் பிசிறில்லாமல் அந்தக் கட்டுக்குள்ளேயே அடங்கியிருந்தது. காட்டிக்கொடுத்திருக்க வேண்டிய பக்க எண்களோ, ஓரத்தை நேராக வெட்டியபோதே குப்பைக்கூடைக்குப் போய்விட்டன. ஆகவே நூலகப் பிரதியில் படகோட்டி முதலில் சாவான். பிறகு சாவகாசமாக உட்கார்ந்து, "நான் வர்றதுக்குள்ள வெந்நீர் வை" என்று எழுதுவான்.

இரண்டு வருடம் கழித்து, நாத்தனார் வீட்டு அலமாரியில் வேறொரு பிரதியைப் புரட்டியபோதுதான் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. அன்றே பிரித்துச் சரிசெய்திருக்கலாம். ஆனால் நிலைமை கைமீறிவிட்டது. வாசகர் கூட்டத்தில் நூலகர் ஏற்கெனவே ஒன்றரை மணி நேரம் முழங்கியிருந்தார்: "செத்தவனைக் கடிதாசி எழுத வெச்சார் பாருங்க! காலத்தையே கவிழ்த்துப் போடறதுக்கு ஒரு துணிச்சல் வேணும்!" கைதட்டல் கூரையைத் தொட்டது. அந்தத் துணிச்சலுக்குச் சொந்தக்காரர் பின்வரிசையில் தானும் தட்டிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் நூலகர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? அக்காவை நம்பி இனி யார் ஒரு புத்தகத்தைத் தருவார்? அண்ணன் தம்பி வழக்கு இழுத்துக்கொண்டே போனதற்காக உலகத்தில் நன்றியோடிருந்த ஒரே ஜீவன் ஊசியக்காதான்.

அவர்களும் ஒரு நாள் சமாதானமாகித் தொலைத்தார்கள். படம் வந்தது. காலைக் காட்சிக்கு நூலகர் இருபது வாசகர்களுக்கும் ஒரே வரிசையில் இடம் பிடித்துவிட்டார். முந்தின நாள் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேன் ஓட்டும் கணவரிடம் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"மாத்தித் தைச்சுட்டேங்க."

"எதை? என் சட்டையையா?"

எல்லாவற்றையும் சொன்னார். "இவ்வளவுதானா? பிரிச்சுத் தைச்சுடு" என்றார் அவர்.

"புத்தகத்தைப் பிரிக்கலாம். இருபது வருஷமா அழுதவங்களை எப்படிப் பிரிச்சுத் தைக்கிறது?"

கணவர் தாடையைச் சொறிந்தார். "சரி, ஓரத்து சீட்டு கேளு. எந்திரிச்சு ஓட வசதியா இருக்கும்."

ஓரத்து சீட்டு கிடைத்தது. திரையில் வெள்ளம் பெருகியது. கடிதக் காட்சி இந்நேரம் வந்து போயிருக்க வேண்டும், வரவில்லை. எடுக்காமலே விட்டுவிட்டார்களா? படகு கவிழ்ந்தது. ஆறு மட்டும் ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு சின்ன விளக்கு. அதன் முன்னால் படகோட்டி, பென்சிலைக் கடித்தபடி, எழுதத் தொடங்கினான்: நான் வர்றதுக்குள்ள வெந்நீர் வை.

வரிசை மொத்தமும் மூக்கை உறிஞ்சியது. நூலகர் ஈரக் கன்னத்தோடு நாலு பேரைத் தாண்டி எட்டிப் பார்த்தார். "பாத்தீங்களாக்கா! புத்தகத்துல இருக்கறபடியே எடுத்திருக்காங்க! இம்மி மாத்தலை!"

"ஆமா சார்" என்றார் அக்கா. கணவர் காதோரம் குனிந்தார். "அவங்களும் உன் பிரதியைத்தான் இரவல் வாங்கினாங்களோ?" அக்கா அவர் தொடையில் வலிக்கக் கிள்ளினார். கண் மட்டும் திரையை விட்டு நகரவில்லை, வழிந்ததைத் துடைக்கவுமில்லை.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. பெயர்கள் மேலே ஏறத் தொடங்கின. கூட்டம் கலைந்தது. "வா, நெரிசலுக்கு முன்னாடி வேனை எடுக்கணும்" என்றார் கணவர். அக்கா அசையவில்லை. நடித்தவர்கள் போனார்கள், இசையமைத்தவர் போனார், இயக்குநரும் போனார். எடுத்த காட்சிகளை வெட்டி, ஒட்டி, முன்பின்னாக அடுக்கிய படத்தொகுப்பாளரின் பெயர் வந்தது.

ஊசியக்கா செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று, கைகூப்பினார்.