ஹேண்டில்பாரில் போட்ட ஓட்டைகள்

லிங்கராஜபுரத்து லேத் பட்டறையில் வேலை பார்த்த யேசுதாஸ், ஞாயிறுதோறும் நண்பன் பிரசன்னாவோடு நந்தி மலைக்கு சைக்கிள் மிதிப்பான். ஏற்றத்தில் வண்டி லேசாக இருக்க வேண்டுமென்று ஸ்டாண்டையும் மட்கார்டையும் கழற்றினான். 1999இல் ஹேண்டில்பாரிலும் வரிசையாக ஓட்டை போட்டு, மேலே டேப் சுற்றினான். நூறு கிராம்தான் குறைந்தது.

அடுத்த ஞாயிறு மலையுச்சியில் பிரசன்னா, “எவ்ளோ லைட்டா கீது மச்சி! இறங்கறப்போ நான் ஓட்டறேன், குடு” என்றான். மூன்றாவது வளைவில் ஹேண்டில்பார் ஓட்டை போட்ட இடத்தில் முறிந்தது. பிரசன்னாவுக்கு முதுகெலும்பு உடைந்தது; அதன் பிறகு அவன் நடக்கவேயில்லை.

ஆஸ்பத்திரியில் பிரசன்னாவின் அம்மா யேசுதாஸின் கையைப் பிடித்துக்கொண்டு, “ரோடு சரியில்ல, நீ இன்னாப்பா பண்ணுவே?” என்று அழுதார். யேசுதாஸ் ஓட்டைகளைப் பற்றி அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. வாராவாரம் பஸ் பிடித்துப் போய், பிரசன்னாவின் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டு வந்தான்.