வீட்டுக்குள் வந்த குழாய்

வெள்ளவத்தை வீட்டில் குழாய் மாற்ற வந்தவர் கழற்றிப் போட்ட பித்தளைத் துண்டை எடுத்தபோது, கையில் ஒட்டிய வாடை என்னைக் கொட்டாஞ்சேனையில், இன்று வாகனத் தரிப்பிடமாகிவிட்ட, சிறு வீடுகள் நெருக்கியடித்து நின்ற எங்கள் தோட்டத்துப் பொதுக்குழாயடிக்குக் கொண்டுபோய்விட்டது. பொதுச்சொத்தை மனிதர்கள் பாழாக்கியே தீருவார்கள் என்று அரசாங்கத்துக்குக் குறிப்பெழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். அங்கோ விடியலில் வாளிகள் தகரச் சத்தத்தோடு வரிசையாகும், துறைமுக வேலைக்குப் போகிறவர்களுடையதும் கைக்குழந்தைக்காரிகளுடையதும் ஒரு சுற்றறிக்கையும் இல்லாமல் முன்னே நகரும்.

அந்தத் தோட்டத்தில் முதன்முதலாக வீட்டுக்குள் குழாய் போட்டவர் அப்பா. "சொந்தமா இருந்தாத்தான் மனுசன் முன்னேறுவான்" என்றார். தண்ணீர் கேட்டு யாரும் வராதிருக்க அதற்குப் பூட்டும் போட்டார். வெயில் காலத்தில் நீரழுத்தம் குறைந்து அது வறண்டதும், தாழ்விலிருந்ததால் தண்ணீர் நிற்காத குழாயடிக்கு அம்மா என்னை வாளியோடு அனுப்பினார். நான் பழையபடி வரிசையின் கடைசியில் நின்றேன்.

"விருந்தாளியக் காக்க வைக்கக் கூடாது, வழி விடுங்கோ" என்றார் பக்கத்து வீட்டு ஜசிந்தா அக்கா.

எல்லோரும் சிரித்தபடி விலகினார்கள். முன்பெல்லாம் என் வாளியைக் காலால் தள்ளிச் சண்டை பிடிக்கும் பையன்கள்கூட அன்று கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றார்கள். வாளி நிறையும்வரை நான் தலை நிமிரவில்லை.