கான்கிரீட்டில் நாலு கால்

நேசமணி சுவரில் ஆணி அடித்து எலிசாள் பார்த்ததில்லை. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதுவரை குடியிருந்த வீடுகள் எத்தனை என்று கேட்டால் விரல் மடக்கி எண்ணத் தொடங்குவாள். நெய்யாற்றின்கரைக்கு வரும்போது குழம்பிவிடுவாள். எல்லா வீட்டிலும் காலண்டர் ஜன்னல் கம்பியில் நூல் கட்டித்தான் தொங்கியது. அவள் நட்ட தென்னைகளில் ஒன்றிலிருந்துகூட ஒரு தேங்காய் பறித்ததில்லை. யாரோ பறித்துத் துவையல் அரைத்துக்கொண்டிருப்பார்கள், நன்றாக இருக்கட்டும்.

நேசமணி கெட்ட மனுஷன் இல்லை. குடி இல்லை, கை நீட்டும் பழக்கம் இல்லை. பம்ப் செட் ரிப்பேரில் கெட்டிக்காரர். "கெணறு இருக்க ஊரெல்லாம் எனக்க ஊருதான்" என்பார். ஆனால் ஓரிடத்தில் ஒரு வருஷம் தாண்டினால் போதும், காலில் எறும்பு ஏறிய மாதிரி நெளியத் தொடங்கிவிடுவார். தண்ணீர் சரியில்லை, பக்கத்து வீட்டுக்காரன் சரியில்லை, சர்ச்சு தூரம் என்று காரணங்கள் வரிசையாக வரும்.

உண்மைக் காரணத்தை ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அவர் பிறந்தது மலைமேல் ஒரு எஸ்டேட்டின் கூலிக்காரர் லயத்தில். அப்பா ஆசைப்பட்டு லயத்துக்குப் பின்னால் சிமென்ட் தரை போட்டு ஒரு மாட்டுத் தொழுவம் கட்டினார். யாரைக் கேட்டுக் கட்டினாய் என்று மேனேஜர் ஆள் விட்டு அதை இடித்தார். உடைத்த சிமென்ட்டை அப்பாவே கூடையில் அள்ளிக் கொட்டியதைச் சின்னப் பையன் நேசமணி பார்த்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு எதையும் ஊன்றி வைக்க அவருக்குக் கை வரவில்லை. எலிசாளுக்கு இது புரியும். புரிந்து என்ன செய்ய, சட்டி பானையைக் கட்டுவது அவளல்லவா.

இப்போது இருப்பது வித்துராவுக்கு அப்பால், எலிசாளின் அம்மா வீட்டுப் பங்கில் வாங்கிய சின்ன நிலமும் ஓட்டு வீடும். இதுவே கடைசி வீடாக இருக்கட்டும் என்று அவள் தினமும் ஜெபத்தில் கேட்டாள். கர்த்தருக்குக் கேட்டிருக்கும், நேசமணியின் காதில்தான் விழவில்லை. மகள் ஜினு கழக்கூட்டத்தில் ஹாஸ்டலில் தங்கி ஒரு கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை பார்த்தாள். போனில், "ஓணம் லீவுக்கு எந்த பஸ்சு பிடிக்கணும் அம்மே? வித்துராதானா, இல்ல வேற ஊரா?" என்று சிரித்தாள். எலிசாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று முழுக்க மனது கிடந்து அடித்துக்கொண்டது.

கரண்ட் கம்பம் சாலை வளைவோடு நின்றுவிட்டது, வீடு வரை வரவில்லை. இரண்டாயிரத்தி இரண்டில் நேசமணி கிழக்கேகோட்டையில் ஒரு கடையில் இரண்டு சோலார் பேனலும் ஒரு பேட்டரியும் வாங்கி, கண்டக்டரின் வசவையும் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். கூரைக்கு மேலே பலா மரம் கவிந்திருந்தது. வெயில் விழுவது முற்றத்தில் மட்டும்தான். அதனால் தரையிலேயே ரேக் அடிப்பது என்று முடிவானது. கடைகளில் சாமான் அடுக்க வாங்குவார்களே, வரிசையாகத் துளை போட்ட இரும்பு ஆங்கிள், அதை அறுத்து, போல்ட் முடுக்கி, தெற்கே லேசாகச் சாய்த்து அவரே செய்தார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நாலு கால்களையும் நாலு கல்லின் மேல் வைத்தார்.

"குழி எடுத்து கான்கிரீட் போடப்பிடாதா?" என்று எலிசாள் கேட்டாள்.

"எதுக்கு? கல்லு போரும்."

அடுத்த வாரமே ரேக் நடக்கத் தொடங்கியது. கிணற்றடியில் வெயில் கூடுதல் என்று அங்கே போயிற்று. பிறகு மரச்சீனிக் கிழங்குப் பாத்திக்கு. பிறகு பழைய இடத்துக்கே. ஒரு முனையை அவர் பிடிப்பார், மறுமுனையை அவள். இரும்புக்கும் இந்த ஆளின் புத்தி வந்துவிட்டதே என்று எலிசாளுக்கு எரிச்சலாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

ஜூன் மாதத்து இடவப்பாதி மழையோடு வந்த காற்று ஒரே தள்ளில் ரேக்கை மரச்சீனிக்குள் கவிழ்த்தது. பேனலின் சட்டம் மட்டும் வளைந்தது, கண்ணாடி தப்பியது. நேசமணி வெளிறிப்போய் நின்றார். பிறகு மெதுவாக, "குழி தோண்டணும் பிள்ளே. நீ மணலைச் சலிச்சு வை" என்றார்.

எலிசாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மணல் சலித்தாள், தண்ணீர் சுமந்தாள், மத்தியானம் மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். அவர் நாலு குழியிலும் போல்ட்டுகளை நிமிர்த்தி நிறுத்திக் கான்கிரீட் ஊற்றினார். அது இறுகியதும் ரேக்கின் கால்களை அந்தப் போல்ட்டுகளில் மாட்டி நட்டு முடுக்கினார். இனி இந்த மனுஷன் எங்கே போவார் என்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்த நிம்மதி வன்னியராஜ் வரும்வரைதான் இருந்தது. அவர் பாறசாலையில் பம்ப் கடை வைத்திருக்கும் பழைய கூட்டாளி. கட்டன் சாயா குடித்துக்கொண்டே, "மைனி, பாறசாலையில இவருக்கு நான் சொன்ன வீட்டுலயும் முற்றத்துல நல்ல வெயிலாக்கும். இந்த நாலு நட்டைக் கழத்தினா ரேக்கு முழுசா வண்டியில ஏறும், கேட்டியளா" என்றார்.

எலிசாள் நேசமணியைப் பார்த்தாள். அவர் சாயாவைப் பார்த்தார்.

"ஒண்ணும் முடிவாகல்ல" என்று முனகிவிட்டு, கூட்டாளியை பஸ் ஏற்றிவிடக் கிளம்பிப்போனார்.

எலிசாள் முற்றத்தில் இறங்கிக் குனிந்து பார்த்தாள். நட்டுகளில் கிரீஸ் தடவியிருந்தது. துருப் பிடிக்காமல் இருக்க என்று நினைத்து அன்று அவள்தான் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உள்ளே போய்ச் சுத்தியலை எடுத்துவந்து, நட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த போல்ட் முனைகளை அடித்து நசுக்கத் தொடங்கினாள். போல்ட்டின் திருகு மரை நசுங்கினால் நட்டு திரும்பி வராது. இத்தனை வருஷம் மெக்கானிக்கோடு குடித்தனம் நடத்தியதில் அவளுக்கு அவ்வளவு தெரியும்.

மூன்று காலை முடித்தபோது நேசமணி வந்து நின்றார்.

"என்ன செய்யுத?"

"கள்ளன் கொண்டு போகாம இருக்கதுக்கு."

"இந்தக் காட்டுல எந்தக் கள்ளன் வரப்போறான்?"

"வெளியேருந்து வரண்டாம். வீட்டுலயே உண்டு."

அவர் குனிந்து நசுங்கிய முனை ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "எனக்க பையில ஹாக்சா கெடக்கு. அறுத்தா தீர்ந்து" என்றார்.

"அறுத்துக்கோங்க. ரேக்கைக் கொண்டு போங்க, பேட்டரியைக் கொண்டு போங்க. நான் வரல்ல." இந்த வார்த்தையை அவரிடம் அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

நேசமணி வீட்டுக்குள் போனார். கருவிப் பையில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. எலிசாள் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வந்தவர் கையில் பெரிய சுத்தியல் இருந்தது. நாலாவது காலடியில் குந்தி உட்கார்ந்தார்.

"உனக்க அடி போராது. ரெண்டு திருப்புல கழந்துரும்."

முதல் அடி குறி தவறிக் கான்கிரீட்டில் பட்டது. இரண்டாவது அடி போல்ட்டின் முனையில் விழுந்தது.