துண்டு போட்ட ஓட்டு

மதுவிலக்கு போய், ஊருக்கு ஊர் சாராயக்கடை திறந்த காலம் அது. பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்த எங்கள் குப்பத்துக்கும் ஒன்று வந்தது. நல்ல தண்ணீருக்கு நடையாய் நடக்கிற ஊருக்கு, சாராயம் மட்டும் வாசலுக்கே வந்துவிட்டது பாருங்கள்!

என் நைனா குடித்தால் யாரையும் அடிக்கமாட்டார். பாடுவார். மறுநாள் அவர் படகு கிளம்பாது, எங்கள் அடுப்பும் எரியாது. அந்தக் கடை ஒழியவேண்டும் என்று அம்மா வேண்டாத சாமி இல்லை.

கடைசியில் ஊர்க்கூட்டத்தில் ஓட்டுப் போட முடிவானது. வீட்டுக்கு ஒரு ஓட்டு, அதுவும் ஆண்களுக்குத்தான். கடை வேண்டும் என்பவர் வேப்பமரத்தடியிலும், வேண்டாம் என்பவர் அம்மன் கோயில் வாசலிலும் தோள் துண்டைப் போடவேண்டும். வலைக்குப் போனவருக்காக வீட்டில் யாராவது அவர் துண்டைக் கொண்டுவரலாம். துண்டு வந்தால் ஆள் வந்த மாதிரி; அது எங்கள் குப்பத்து வழக்கம்.

கடைக்காரர் லேசுப்பட்டவரா? ஓட்டன்று காலையிலேயே எல்லோருக்கும் இலவசமாக ஊற்றினார். ஆனால் அளவு தெரியாமல் ஊற்றிவிட்டார். மதியம் கோயில் மணி அடித்தபோது, குப்பத்து ஆண்களில் பாதிப்பேர் படகு நிழலில் சுருண்டு கிடந்தார்கள்.

"இன்னா அண்ணி, பாத்துக்கினு நிக்கிற? ஆளு எழுந்திருக்காட்டி இன்னா, துண்டு கீதுல்ல!" என்றாள் அத்தை, நைனாவின் தங்கை. அவ்வளவுதான், பெண்கள் கரைக்கு ஓடினார்கள்.

நைனா துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். அம்மா அதன் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தாள். அவர் விழித்துக்கொண்டால் துண்டு வேப்பமரத்துக்குத்தானே போகும்! அப்போது நைனா ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார். பிறகு மெல்லத் தலையைத் தூக்கினார். துண்டு வந்துவிட்டது.

"அம்மா, நைனா முழிச்சுக்கினுதான்..."

"வாய மூடிக்கினு வாடி!"

கோயில் வாசலில் துண்டுகள் மலையாகக் குவிந்தன. கடைக்காரர் ஊரைக் காலிசெய்யப் பீப்பாயைக் கட்டத் தொடங்கினார். எங்களுக்கெல்லாம் அன்று திருவிழாதான்.

சாயங்காலம் நைனா தெருவே கேட்கக் கத்திக்கொண்டு வந்தார். "எவ எந்துண்ட தூக்கினு போனது? ஊத்தினவன் மூஞ்சில நான் எப்டி முழிக்கிறது?"

அம்மா சிரித்துக்கொண்டே சோறு போட்டாள். தானே தலையைத் தூக்கிக் கொடுத்த மனுஷர் எதற்குக் கத்துகிறார், திட்டு வாங்கிய அம்மா எதற்குச் சிரிக்கிறாள், ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. எப்போதும் எனக்கென்று எடுத்துவைக்கும் மடவைமீன் தலையும் அன்று அவர் தட்டுக்குப் போனது. இது என்ன அநியாயம் என்று நான் ஓவென்று அழுதேன்.